சுடர்முன் இளகும் பதம்

கண்ணாடி வளையல் ஒன்றை எடுத்து, அதன் உட்புறத்தை நகத்தால் மெல்ல வருடிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் நகம் லேசாகத் தட்டும். வளையலின் இரண்டு முனைகளும் ஒன்றாக ஒட்டிய இடம் அது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கட்டுமாவடிக் கடைத்தெருவில் வாங்கியிருந்தாலும் அறந்தாங்கியில் வாங்கியிருந்தாலும், வளைகாப்புக்கு அடுக்கும் அந்தக் கண்ணாடி வளையல்கள் பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்து ஃபிரோசாபாத்திலிருந்து வந்தவை. அங்கே உலையில் உருகிய கண்ணாடியை நூலாக இழுத்து, சுழலும் உருளை ஒன்றின்மேல் சுற்றுகிறார்கள். நீளமான சுருள் ஒன்று கிடைக்கும். அதை நெடுக்கே கீறினால் நூற்றுக்கணக்கான வளையங்கள் உதிரும். ஒவ்வொன்றும் வாய் பிளந்து, முனைகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். அவை கட்டுக்கட்டாக வீடுகளுக்குப் போகின்றன. அங்கே சிறிய தீச்சுடர் ஒன்றின் முன் அமர்ந்து, விலகிய முனைகளை நேராக்கி, பிறகு சுடரில் காட்டி, இளகிய நொடியில் ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறார்கள். ஒட்டும் வேலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஜுடாய். அதைச் செய்பவர்களில் பெண்களே அதிகம்.

உலைக்குப் போகாமல், ஒரு சுடரின் முன் உட்கார்ந்து கண்ணாடியை இளக்கி உருவம் செய்யும் இந்த முறைக்கு உலகெங்கும் லாம்ப்வொர்க்கிங் என்று பெயர். அந்தக் காலத்தில் எண்ணெய் விளக்கின் திரிச்சுடரில், காலால் துருத்தி மிதித்துக் காற்று செலுத்திச் செய்தார்கள். இன்று எரிவாயுவும் ஆக்ஸிஜனும் கலந்த சுடர். நாம் இதைச் சுடர்வேலை என்று சொல்லிக்கொள்வோம். ஃபிரோசாபாத் பெண்ணின் ஜுடாய் முதல் நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் கண்ணாடிப் பூ வரை எல்லாம் சுடர்வேலைதான். இரண்டும் நிற்பது கண்ணாடியின் ஒரே ஒரு வினோத குணத்தின்மேல்.

பனிக்கட்டி 0 டிகிரியில் உருகும். வெள்ளி 962 டிகிரியில் உருகும். அதற்கு ஒரு டிகிரி கீழே அது திடம், ஒரு டிகிரி மேலே அது நீர்போல் ஓடும். கண்ணாடிக்கு இப்படி ஒரு புள்ளியே கிடையாது. வெள்ளியில் அணுக்கள் எல்லாம் ஒரே ஒழுங்கில் வரிசைகட்டி நிற்கின்றன. ஆகவே எல்லாப் பிடியும் ஒரே வெப்பத்தில் தளர்கின்றன. கண்ணாடியிலோ சிலிக்கானும் ஆக்ஸிஜனும் ஒழுங்கில்லாத வலையாகப் பின்னிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் பிடி இறுக்கம், ஓரிடத்தில் தளர்வு. வெப்பம் ஏற ஏற அந்த வலை கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்கிறது. இந்த நொடியில் உருகிவிட்டது என்று யாரும் விரல்நீட்டிச் சொல்ல முடியாது.

வெல்லப் பாகு காய்ச்சியவர்களுக்கு இது நன்றாகவே புரியும். தண்ணீராக ஓடுவது மெல்லப் பிசுபிசுக்கும், கம்பி இழுக்கும், உருட்டும் பதத்துக்கு வரும், கடைசியில் கல்லாகும். ஒவ்வொரு பதத்திலும் அதைக் கொண்டு ஒன்று செய்யலாம். கண்ணாடிக்கும் பதங்கள் உண்டு, அவற்றை எண்களாலும் சொல்லலாம். பாகுத்தன்மை என்று இயற்பியல் சொல்லும் அளவில், தேன் தண்ணீரைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு தடிமன். ஜன்னலுக்கும் வளையலுக்கும் பயன்படும் சாதாரண சோடாக் கண்ணாடி சுமார் 1,000 டிகிரியில் தண்ணீரைப்போல் 10 லட்சம் மடங்கு தடிமனாக இருக்கும். அள்ளலாம், இழுக்கலாம், ஊதலாம். சுமார் 700 டிகிரிக்கு இறங்கும்போது அது 400 கோடி மடங்கு. இப்போது தன் எடையாலேயே மெல்லத் தொய்யும், ஆனால் ஓடாது. 550 டிகிரியை ஒட்டி 10 கோடி கோடி மடங்கு. கண்ணுக்கு அது கல். ஆனாலும் உள்ளே அணுக்கள் இன்னும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டிருக்கின்றன.

ஆயிரத்துக்கும் எழுநூற்றுக்கும் நடுவே இருக்கிற அந்த 300 டிகிரிதான் சுடர்வேலைக்காரரின் மொத்த உலகம். வெள்ளியில் இந்த இடைவெளி இல்லை என்பதால்தான் தட்டார் அச்சில் வார்க்கிறார், தட்டி நீட்டுகிறார். கண்ணாடியில் மட்டும் ஒருவர் காற்றில் வைத்தே, தொடாமலே, வெறும் வெப்பத்தாலும் ஈர்ப்பாலும் உருவம் செய்ய முடிகிறது. தண்டைச் சுடரில் காட்டினால் அதன் நுனி தானே உருண்டு குண்டாகும். பரப்பு இழுவிசை இலவசமாகச் செய்துதரும் வேலை அது. கையை ஒரு நொடி நிறுத்தினால் அந்தக் குண்டு கீழே தொங்கிக் கோணலாகிவிடும். அதனால் சுடர்வேலை செய்பவரின் விரல்கள் தண்டை உருட்டிக்கொண்டே இருக்கும். பேசும்போதும், யோசிக்கும்போதும், அடுத்த தண்டை எடுக்கும்போதும்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையைச் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பியத் தேவாலயங்களின் பழைய ஜன்னல் கண்ணாடிகள் கீழ்ப்பக்கம் தடித்திருப்பதைக் காட்டி, கண்ணாடி நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல வழிகிறது என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. 1998இல் பிரேசில் அறிவியலாளர் எட்கார் ஸனாட்டோ கணக்கிட்டுப் பார்த்தார். அறை வெப்பத்தில் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் அளவு வழிய, பிரபஞ்சத்தின் வயதே போதாது. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடு ஒரே சீராக அமையவில்லை, அவ்வளவுதான். சுடரின் முன் மட்டுமே கண்ணாடி நகரும். சுடர் நீங்கினால் அது உறைந்துபோன காலம்.

உறைவதிலும் ஆபத்து இருக்கிறது. சுடரிலிருந்து எடுத்த கண்ணாடியின் வெளிப்பக்கம் முதலில் குளிர்ந்து இறுகும். உட்பக்கம் பிறகு குளிர்ந்து சுருங்கப் பார்க்கும், ஆனால் வெளித்தோல் விடாது. உள்ளே இழுவிசையும் வெளியே அழுத்தமும் அப்படியே சிறைப்படும். இந்தச் சிறைப்பட்ட விசை எவ்வளவு பெரியது என்பதை ஒரு சொட்டுக் கண்ணாடி காட்டிவிடும். உருகிய சொட்டு ஒன்றைத் தண்ணீரில் விழவிட்டால், தலை பருத்து வால் நீண்ட துளி கிடைக்கும். ஐரோப்பாவில் அதற்கு ரூபர்ட் இளவரசர் துளி என்று பெயர். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலின் நுனியைக் கிள்ளினால் முழுத் துளியும் தூளாகிவிடும். 1994இல் ஸ்ரீநிவாசன் சந்திரசேகரும் சௌத்ரியும் அதிவேகக் கேமராவால் இதைப் படம்பிடித்தார்கள். விரிசல் வாலிலிருந்து தலைக்கு விநாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தது தெரிந்தது.

சுடர்வேலை செய்தவர் அவசரப்பட்டால் அவர் செய்த பூவும் ஒரு ரூபர்ட் துளிதான். அன்றைக்கு உடையாவிட்டால் அடுத்த மாதம், யாரும் தொடாமலே, அலமாரியில் வெடிக்கும். ஆகவே வேலை முடிந்ததும் அதை 500 டிகிரிக்கு மேல் சூடான சூளைக்குள் வைத்து, மணிக்கணக்கில் மெல்ல மெல்ல ஆறவிடுகிறார்கள். அந்த 10 கோடி கோடி மடங்குப் பதத்தில் அணுக்கள் நகர்ந்து தங்கள் இறுக்கத்தைத் தளர்த்திக்கொள்ள அவகாசம் தருகிறார்கள். சுடர்முன் நடப்பது அரைமணி வேலையாக இருக்கலாம். ஆறுவதற்கு ஓர் இரவு வேண்டும். கண்ணாடி உடைவதும் பிழைப்பதும் அந்த இரவில்தான் முடிவாகிறது.

சுடரை நேரடியாகப் பார்த்து வேலை செய்ய முடியாது என்பது இன்னொரு சங்கதி. சூடான கண்ணாடியிலிருந்து சோடியம் ஆவியாகி, கண்கூசும் மஞ்சள் ஒளியாக எரிகிறது. உப்பைத் தீயில் தூவினால் எழும் அதே மஞ்சள். அதன் அலைநீளம் 589 நானோமீட்டர். அந்த மஞ்சள் திரைக்குப் பின்னால் கண்ணாடி மறைந்துவிடும். இதற்கென்றே ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கிறது. அதன் வில்லையில் நியோடிமியம், பிரசியோடிமியம் என்ற இரண்டு அருமண் தனிமங்கள் கலந்திருக்கும். அவை அந்த மஞ்சளை மட்டும் விழுங்கிவிட்டு மற்ற நிறங்களை விட்டுவிடும். அணிந்ததும் மஞ்சள் தீ காணாமல் போய், இளகிய கண்ணாடி துல்லியமாகத் தெரியும். இரண்டு தனிமங்களும் ஒன்றாகவே கிடப்பதால் நெடுங்காலம் ஒரே தனிமம் என்று நினைத்திருந்தார்கள். 1885இல் ஆஸ்திரியரான கார்ல் அவுயர் ஃபான் வெல்ஸ்பாக் அவற்றைப் பிரித்தார். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட் கனிமத்தில் இந்த இரண்டும் உண்டு.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் கண்ணாடிக்கும் உள்ள உறவு வளையலோடு முடியவில்லை. புதுக்கோட்டை நகரை ஒட்டிய பொற்பனைக்கோட்டையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2023இல் அகழாய்வு தொடங்கியபோது மண்ணிலிருந்து கண்ணாடி மணிகளும் வந்தன. வைகை கடலில் கலக்கும் அழகன்குளத்திலும், புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலும் இவை ஏராளம். கட்டுமாவடிக்கு எதிரே, பாக் விரிகுடாவுக்கு அப்பால், மன்னாருக்கு அருகிலுள்ள மாந்தைத் துறைமுகத்திலும் மணிகள் செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் அரை சென்டிமீட்டருக்கும் சிறியவை. செம்பழுப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து கொரியா, ஜப்பான் வரை இதே வகை மணிகள் கிடைத்திருக்கின்றன. அமெரிக்க மணி ஆய்வாளர் பீட்டர் ஃபிரான்சிஸ் இவற்றுக்கு இந்தோ பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்தார்.

இவற்றின் வேதியியலைச் சோதித்தவர்கள் பலவற்றில் அலுமினா மிகுந்திருப்பதைக் கண்டார்கள். ரோமானியக் கண்ணாடியில் அவ்வளவு இல்லை. நம் பக்கத்து மணல் கருங்கல் தேய்ந்து வந்தது, அதில் ஃபெல்ஸ்பார் அதிகம், அலுமினா அங்கிருந்து வருகிறது. மணலை உருக வைக்க ஒரு காரம் வேண்டும். வெறும் மணல் உருக 1,700 டிகிரி வேண்டும், அந்த வெப்பத்தை அந்தக் கால உலை எட்டாது. நிலத்தின்மேல் வெள்ளையாகப் பூத்து நிற்கும் சோடா உப்பைச் சேர்த்தால் வலையின் பிடிகள் பல அறுந்து, உருகும் வெப்பம் வெகுவாகக் குறைந்துவிடும். வண்ணார் துணி வெளுக்க எடுத்த உவர்மண்ணில் இருப்பதும் இந்த வகை உப்புதான். மணலும் உவரும் விறகும் இருந்த இடத்தில் கண்ணாடி பிறந்தது.

அந்த மணிகளை எப்படிச் செய்தார்கள் என்பதற்கு உயிருள்ள சாட்சி ஒன்று இருந்தது. திருப்பதிக்கு அருகில் பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் மணி செய்யும் குடும்பங்கள் கைக்கொண்டிருந்த முறை, அரிக்கமேட்டு முறையின் தொடர்ச்சி என்று ஃபிரான்சிஸ் வாதிட்டார். லாடா என்ற நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் உருகிய கண்ணாடியைப் பெரிய கூம்பாகத் திரட்டுவார்கள். அதன் நடுவே துளை விட்டு, உலைக்குள் வைத்துக்கொண்டே, மறுபக்கமிருந்து ஒருவர் கொக்கியால் நுனியைப் பற்றி வெளியே இழுப்பார். கை மாற்றிக் கை மாற்றி இழுக்க இழுக்க, மீட்டர் கணக்கில் மெல்லிய கண்ணாடிக் குழல் வந்துகொண்டே இருக்கும். அதைத் துண்டு துண்டாக நறுக்கி, துளை அடைபடாமல் சாம்பலோடு கலந்து மறுபடி சூடாக்கினால் கூர் முனைகள் மழுங்கி மணியாகும்.

எனக்கு இதில் தீராத வியப்பு அந்தத் துளைதான். உள்ளங்கை அகலக் கூம்பில் விட்ட ஒரு துளை, குழல் தலைமுடிபோல் மெலிந்த பிறகும் நடுவிலேயே துளையாக இருக்கிறது. மூடிக்கொள்வதில்லை, ஓரத்துக்கு ஒதுங்குவதில்லை. பாகுத்தன்மை அவ்வளவு அதிகம் என்பதால், இழுக்கும்போது குறுக்குவெட்டு அப்படியே சுருங்குகிறது, குலைவதில்லை. வட்டம் வட்டமாகவே சிறுக்கும். கூம்புக்குள் வேறு நிறத்தில் ஒரு நட்சத்திரம் வைத்தால், தலைமுடித் தடிமனிலும் அது நட்சத்திரமாகவே இருக்கும். இன்று நம் கைப்பேசிப் பேச்சைக் கடலடியில் கொண்டுபோகும் ஒளியிழையும் இப்படித்தான் பிறக்கிறது. உள்ளே ஒரு கண்ணாடி, அதைச் சுற்றி இன்னொரு கண்ணாடி என்று தடித்த தண்டு ஒன்றைச் செய்து, சூடாக்கி, கிலோமீட்டர் கணக்கில் இழுக்கிறார்கள். உள்ளது உள்ளேயும் புறமானது புறத்தேயும் இருந்தபடியே மெலிந்து இழையாகிறது. துளை போட்ட மணிக்கூம்பை இழுத்த கைகள் அறிந்திருந்த உண்மை அது.

நிறத்திலும் அவர்கள் தீயின் குணத்தைப் படித்திருந்தார்கள். செம்பைச் சேர்த்துக் காற்று தாராளமாக உள்ள தீயில் உருக்கினால் கண்ணாடி நீலப்பச்சை ஆகும். அதே செம்பு, புகைமண்டிய, ஆக்ஸிஜன் பஞ்சமான தீயில் நுண்துகள்களாகப் பிரிந்து நின்று செங்கல் சிவப்பைத் தரும். தெற்காசியக் கடல் வணிகத்தில் அதிகம் போன மணி நிறங்களில் அந்தச் சிவப்பும் ஒன்று. இன்றைய சுடர்வேலைக்காரர் ஆக்ஸிஜன் குமிழைச் சற்றுத் திருகி அதே மாயத்தைச் செய்கிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுடர்வேலைக்கு ஒரு புதிய எஜமானர் கிடைத்தார். வேதியியல். 1831இல் ஜெர்மானியரான லீபிக், கரிமப் பொருள்களில் கார்பன் எவ்வளவு என்று அளக்க, ஐந்து குமிழ்கள் கொண்ட ஒரு சிறு கண்ணாடிக் கருவியை உருவாக்கினார். அதைச் சுடரில் ஊதிச் செய்யத் தெரிந்திருப்பது வேதியியலாளருக்கு அவசியமாயிற்று. பிறகு அது தனித் தொழிலானது. ஆட்டோ ஷாட் 1890களில் போரான் கலந்த போரோசிலிகேட் கண்ணாடியைக் கொண்டுவந்தார். 1915இல் அமெரிக்கக் கார்னிங் நிறுவனம் பைரெக்ஸ் என்ற பெயரில் அதைச் சமையலறைக்கும் ஆய்வகத்துக்கும் அனுப்பியது. சாதாரணக் கண்ணாடித் தண்டு 10 சென்டிமீட்டர் நீளத்தில் 500 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளும். போரோசிலிகேட் அதில் மூன்றில் ஒரு பங்குதான் நீளும். விரிவு குறைந்தால் விரிசலும் குறையும். சுடரில் திடீரென்று காட்டினாலும் தாங்கும். நம் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டும் குளிர்விப்பானும் இருந்தால் அவற்றின் பின்னால் ஒரு கண்ணாடி ஊதுபவர் இருக்கிறார். சினிமா கொட்டகை வாசலில் ஒரு காலத்தில் எரிந்த நியான் எழுத்துகளை வளைத்தவர்களும் இந்தச் சுடர் மரபில் வந்தவர்கள்தான்.

நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் கண்ணாடிப் பூவைச் செய்த பால் ஸ்டாங்கார்ட் இந்த ஆய்வகப் பட்டறையிலிருந்து வந்தவர். 1943இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பெரிய கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பு அவருக்கு வதையாக இருந்தது. எழுத்துகள் குழம்பிய காரணம் டிஸ்லெக்சியா என்பது வெகுகாலம் கழித்தே அவருக்குத் தெரிந்தது. 1960களின் தொடக்கத்தில் நியூஜெர்சியின் சேலம் மாவட்டத் தொழிற்பள்ளியில் ஆய்வகக் கண்ணாடி ஊதுவதைக் கற்றார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் தொழிற்சாலைகளில் குழாய்களும் குடுவைகளும் செய்தார். மனைவி, குழந்தைகள், மாதச் சம்பளம். மாலையில் வீட்டில் ஒரு சுடரை ஏற்றி, காகிதம் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டுகளைச் செய்து பழகினார். பிரான்சில் 1845 முதல் 1860 வரை பக்காரா, செயின்ட் லூயி, கிளிஷி பட்டறைகளில் உச்சத்துக்குப் போய் மங்கிய கலை அது. 1972இல் சம்பளத்தை விட்டுவிட்டு முழுநேரமும் பூக்களில் இறங்கினார்.

அவர் செய்வது அலங்காரப் பூக்களை அல்ல. வீட்டைச் சுற்றியிருக்கும் நியூஜெர்சிக் காட்டுச் செடிகளை. பூவோடு மொட்டும், பழுத்து வாடிய இதழும், மண்ணுக்குக் கீழே கிடக்கும் வேரும் சேர்த்து. இதழ் ஒவ்வொன்றையும் நிறக் கண்ணாடித் தண்டிலிருந்து சுடரில் தனித்தனியே எடுக்கிறார். மகரந்தத் துகள்களுக்குக்கூட நிறம் சேர்க்கிறார். தேனீக்கள் வந்து மொய்க்கும். உற்றுப் பார்த்தால் வேர்களுக்கு நடுவே மிகச் சிறிய மனித உருவங்கள் கைகோத்துக் கிடக்கும். வால்ட் விட்மனின் கவிதை அவரை ஆட்கொண்டது. படிக்கத் தடுமாறியவர், சொற்களையே கண்ணாடிக்குள் விதைத்தார். விதை, ஈரம், வளம் போன்ற சொற்களின் எழுத்துகளைத் தடித்த கண்ணாடிக் கட்டையில் நிறத்தால் அமைத்து, சூடாக்கி இழுத்து, குறுக்கே நறுக்கினால் கடுகளவு துண்டிலும் சொல் முழுதாக இருக்கும். பாப்பாநாயுடுபேட்டைத் துளை மெலிந்தும் மூடாதிருந்த அதே விதியின்படி.

இந்தச் செடியை அதன்பின் தெளிந்த கண்ணாடிக்குள் புதைக்க வேண்டும். அங்கேதான் பலருடைய மாதக்கணக்கான உழைப்பு நொறுங்கும். செடியை ஓர் அச்சுக்குள் சூடாக வைத்திருந்து, மேலே உருகிய படிகக் கண்ணாடியை இறக்கி, இடையிலிருக்கும் காற்றை வெற்றிடத்தால் உறிஞ்சுகிறார். செடியின் கண்ணாடியும் அதைச் சூழும் கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்காவிட்டால், ஆறும் இரவில் உள்ளே விரிசல் ஓடும். இலைப் பச்சைக்கும் இதழ் மஞ்சளுக்கும் வெவ்வேறு உலோகங்கள் சேர்வதால் விரிவும் வெவ்வேறாக இருக்கப் பார்க்கும். எல்லா நிறமும் ஒரே தாளத்தில் சுருங்கும்படி பொருத்திப் பொருத்தித் தேர்ந்த பிறகுதான் பூ பூவாக மீள்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் அவருடைய வேலைகள் இருக்கின்றன. தான் படித்த இடத்திலிருந்து வளர்ந்த சேலம் சமுதாயக் கல்லூரியில் அவர் கற்றுக்கொடுக்கவும் செய்தார். ஆய்வகக் கண்ணாடி ஊதுவதைப் பட்டப் படிப்பாகச் சொல்லித்தரும் அரிய இடம் அது.

ஸ்டாங்கார்டுக்கு முன்னோடிகள் என்று சொல்லத்தக்கவர்கள் ஒரு தந்தையும் மகனும். லியோபோல்ட் பிளாஷ்கா 1822இல் பொகீமியாவில் கண்ணாடித் தொழில் குடும்பத்தில் பிறந்தார். மனைவியும் தந்தையும் அடுத்தடுத்து இறந்த துயரத்தில் 1853இல் கப்பலேறி அமெரிக்கா போனார். காற்று நின்றுபோய்க் கப்பல் நடுக்கடலில் தங்கிவிட்டது. இரவில் ஒளிவிட்டபடி மிதந்த கடல் உயிர்களை அவர் வரைந்துகொண்டே இருந்தார். பத்தாண்டு கழித்து டிரெஸ்டன் அருங்காட்சியகம் கடல்சாமந்திகளைக் கண்ணாடியில் கேட்டபோது அந்தக் கண்கள் உதவின. பிறகு மகன் ருடால்ஃபும் சேர்ந்துகொண்டார். கடல் உயிர் மாதிரிகள் அவர்கள் விலைப்பட்டியலில் சுமார் 700. பல நாட்டு அருங்காட்சியகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் போயின. 1887இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காகச் செடிகளில் இறங்கினார்கள். அந்த வேலை 1936 வரை நீடித்தது. சுமார் 780 செடியினங்கள், 4,300 மாதிரிகள். ஏதோ ரகசியக் கருவி வைத்திருக்கிறார்கள் என்று பலர் நம்பினார்கள். அப்படி எதுவும் இல்லை, தலைமுறை தலைமுறையாக வந்த கைத்திறன்தான் என்று லியோபோல்ட் ஒரு கடிதத்தில் எழுதினார். ருடால்ஃபுக்குப் பிள்ளைகள் இல்லை, சீடர்களும் இல்லை. 1939இல் அவரோடு அந்தக் கை போய்விட்டது.

கடல் உயிரைக் கண்ணாடியில் ஏன் செய்யவேண்டும்? நம் ஊர் விலங்கியல் துறைகளின் ஜாடிகளைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். ஃபார்மலினில் போட்ட கடல்சாமந்தி சில மாதங்களில் நிறமிழந்து, சுருங்கி, வெளிறிய கட்டியாகிவிடும். கடற்கரையில் சொறி என்று சொல்லும் ஜெல்லி மீனின் உடலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். பரப்பி வைத்தால் ஒரு வெயிலில் ஈரத்தடம் மட்டும் மிஞ்சும். தோல் வழியே ஒளி ஊடுருவும் உயிரை, ஒளி ஊடுருவும் பொருளில்தான் உண்மையாகக் காட்ட முடியும். பிளாஷ்காக்கள் மெல்லிய கண்ணாடிக் குடைகளுக்கு உள்ளே வண்ணம் தீட்டினார்கள். கொடுக்கிழைகளைச் சுடரில் இழுத்தார்கள், தேவையான இடத்தில் செம்புக் கம்பியும் பசையும் சேர்த்தார்கள். நூல்களிலிருந்த படங்களைப் பார்த்துத் தொடங்கி, பின்னாளில் உயிரோடு வரவழைத்த உயிர்களைத் தொட்டியில் வளர்த்துப் பார்த்துச் செய்தார்கள்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1885இல் அவர்களிடம் வாங்கிய தொகுப்பு நீண்ட காலம் பெட்டிகளில் தூங்கியது. கடல் சூழலியலாளர் ட்ரூ ஹார்வெல் அதைத் தூசி தட்டி எடுத்தார். கண்ணாடியில் இருக்கும் இந்த உயிர்கள் இன்று கடலில் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொண்டு கடலில் இறங்கித் தேடினார். 2016இல் அந்தத் தேடலைப் புத்தகமாக்கினார். பாடம் காட்டச் செய்த கண்ணாடி, நூற்றாண்டுக்கும் மேல் கழித்துக் கடலின் ஆரோக்கியத்தை அளக்கும் கணக்குப் புத்தகமாயிற்று.

கட்டுமாவடிக் கடலுக்கு இப்படி ஒரு கணக்குப் புத்தகம் வேண்டும் என்பது என் ஆசை. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது. அடியில் கடல்தாழைப் புல்வெளி விரிந்து கிடப்பதால்தான் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு இங்கே மேய்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. பெரிய உயிர் பெயர் வாங்கிவிட்டது. அந்தப் புல்லுக்குள் அதே இடத்தை நம்பி வாழும் கடல் அட்டையும், கடல்சாமந்தியும், சொறியும், குட்டிக் கணவாயும் யார் கண்ணிலும் படுவதில்லை.

சுடர்முன் உட்கார்ந்து இவற்றைச் செய்யத் துணியும் ஒருவருக்கு எது எளிது, எது கடினம் என்று யோசித்துப் பார்க்கிறேன். கடல் அட்டை எளிது. தடித்த உடல், மங்கிய நிறம், மேலே சிறு புடைப்புகள். கடல்சாமந்திக்கு நூற்றுக்கணக்கான இதழ்க் கொடுக்குகளைத் தனித்தனியே இழுத்து ஒட்ட வேண்டும். பொறுமைதான் விலை. கணவாய் கடினம். படகிலிருந்து இறக்கிய புதுக் கணவாயின் தோலில் நிறப்புள்ளிகள் விரிந்தும் சுருங்கியும் துடித்துக்கொண்டே இருப்பதை ஏலம் நடக்கும் இடத்திலேயே பார்க்கலாம். எந்த நொடியைக் கண்ணாடியில் நிறுத்துவது? எல்லாவற்றிலும் கடினம், விலங்கியல் மாணவர்கள் டீனோஃபோர் என்று படிக்கும் நெல்லிக்காய் அளவு உயிர். அதன் உடலில் எட்டு வரிசைச் சீப்புகள். அவை அசையும்போது வானவில் நிறம் ஓடும். அதில் நிறமியே இல்லை. நெருக்கமாக அடுக்கிய நுண்ணிழைகளில் ஒளி பட்டுச் சிதறிப் பிரிவதால் வரும் நிறம். செம்போ கோபால்ட்டோ சேர்த்து அதைப் பெற முடியாது. கண்ணாடியை அத்தனை மெல்லிய இழைகளாக இழுத்து, நெருக்கம் குலையாமல் அடுக்கினால், ஒளி தானே பிரிந்து அந்த நிறம் வரக்கூடும். கூம்பிலிருந்து துளை மூடாமல் மீட்டர் கணக்கில் குழல் இழுத்த கைகளுக்கு அது எட்டாத வேலை இல்லை.